கணுக்காலில் சலவைக் குறி

மட்டாஞ்சேரி மைதானத்தைச் சுற்றி வளர்ந்த நம் வயதுக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் சென்ற மாதம் ஒரு படம் வந்தது. காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பெண் இரவு பகலாகச் சைக்கிள் மிதித்து மூன்று மாநிலங்களைக் கடந்து வந்திருக்கிறார். அதற்காக நம் பழைய வார்டில் ஒரு வரவேற்பு. பிளெக்ஸில் பதினேழு ஆண்களின் முகங்கள். சைக்கிள் ஓட்டியவரின் முகம் வலது கீழ் மூலையில், அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே. அந்தப் படத்தின் கீழே உங்களில் ஒருவர் எழுதியிருந்தார்: "அந்தக் காலத்திலேயே சைக்கிள்காரப் பெண்ணைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய மண் இது." நாற்பத்தொரு பேர் அதற்குக் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தீர்கள்.

முப்பது வருடம் பத்திரிகை அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திச் சம்பளம் வாங்கியவள் நான். தவறான செய்தி கண்ணில் பட்டால் கை சும்மா இருப்பதில்லை. அந்தக் காலத்தில் வந்த பெண்ணை நாம் கொண்டாடவில்லை. என்ன செய்தோம் என்பதை எழுதுகிறேன். மறுக்க விரும்புகிறவர்கள், அன்றைக்கு மைதானத்தில் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. மேட மாதம், கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. அப்பாவுக்குச் சலவைத் தொழில். கடைத்தெருப் பண்டகசாலைகளுக்குப் பின்னால் இருந்த சந்தில் எங்கள் வீடு. காலையில் கதவைத் திறந்தால் முதலில் சுக்கு வாசனை வரும். பிறகு காயல் நாற்றம். வெயில் ஏறியதும் எங்கள் வீட்டுக் கஞ்சிப் பசையும் இஸ்திரிப் பெட்டிக் கரியும் சேர்ந்து அந்த இரண்டையும் அமுக்கிவிடும். மைதானத்தின் வடக்கு ஓரத்தில் நாலு வரிசைக் கயிறு கட்டித் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். அந்த ஓரம் எங்களுடையதல்ல. மைதானக் கமிட்டி விட்டுவைத்திருந்தது. கமிட்டி செக்ரட்டரி நினைத்தால் ஒரே நாளில் கயிற்றை அறுக்கலாம். இதை அப்பா ஒரு நாளும் மறந்ததில்லை.

செக்ரட்டரியை உங்களுக்கு நினைவிருக்கும். மருந்துக் கடையில் கம்பவுண்டர். கலர் தண்ணீரைக் குப்பியில் ஊற்றிக் காகிதப் பட்டை ஒட்டத் தெரிந்ததால், நாம் எல்லோரும் அவரைப் பாதி டாக்டர் என்று வைத்திருந்தோம். மீதிப் பாதியை அவரே வைத்துக்கொண்டார்.

சைக்கிள் யக்ஞம் என்று மலையாளத்தில் சொல்வார்கள். ஒரு ஆள் மைதானத்தில் கயிறு கட்டிய வட்டத்துக்குள் ஏழு இரவு ஏழு பகல் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றவேண்டும். சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் சைக்கிளில். கால் தரையில் படக்கூடாது. வருஷா வருஷம் யாராவது ஒரு ஆண் வருவான். அந்த வருஷம் வந்தது ஒரு பெண். பழனிப் பக்கத்துக்காரி, முப்பது வயதிருக்கும். ஆண்களின் கால்சட்டை, முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிய கொண்டை. கூடவே அவள் புருஷன், ஒரு மைக், தென்னை மரத்தில் கட்டிய ஒரு கோளாம்பி ஸ்பீக்கர், ஒரு பிஸ்கட் தகரம்.

பிஸ்கட் தகரத்துக்குள் இருந்தவை கடிதங்கள். எந்த ஊரில் ஓட்டினாலும் அந்த ஊர்க் கமிட்டி 'இத்தனை நாள் கால் ஊன்றாமல் ஓட்டினார்' என்று எழுதி முத்திரை குத்தித் தரவேண்டும். அதைக் காட்டினால்தான் அடுத்த ஊரில் மைதானம் கிடைக்கும். அவளுக்கு அடுத்தது திருச்சூரில் பதினொரு நாள். அவள் அதுவரை ஓட்டாத தூரம். நம் ஊரின் ஏழு நாள் கடிதம் இருந்தால் அது உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதைப் புருஷன் முதல் நாளே மைக்கில் சொல்லிவிட்டார்.

"நாட்டுக்காரே! ஏழு ராத்திரி, ஏழு பகல்! என் வீட்டுக்காரி கால் மண்ணுல பட்டா என் மீசையை எடுத்துக்கிடலாம்!"

மீசை என்று சொல்லும்படி அவருக்கு அங்கே அதிகம் ஒன்றும் இல்லை.

அவள் ஓட்டிய விதத்தை நான் நன்றாகப் பார்த்தேன். வேகம் கிடையாது. நடக்கும் ஆளைவிடக் கொஞ்சம் கூட. ஒரு சுற்றில் கஞ்சித் தம்ளரை வாங்குவாள், நாலாவது சுற்றில் காலித் தம்ளரை அதே கையில் திருப்பித் தருவாள். சிந்தியதில்லை. உச்சி வெயிலில் ஹேண்டில்மீது கையை மடித்து அதன்மேல் நெற்றியை வைத்துக்கொள்வாள். சைக்கிள் தன்பாட்டில் வட்டம் போகும். தூங்குகிறாளா என்று பார்க்க உங்களில் சிலர் சக்கரத்துக்குள் ஈர்க்குச்சி விட்டீர்கள். அவள் கண்ணைத் திறக்காமலே காலைத் தூக்கிக் குச்சியைத் தட்டிவிட்டாள்.

ஆண்கள் ஓட்டியபோது குளிப்பதும் மற்றதும் எப்படியோ நடந்தது. யாரும் கேட்டதில்லை. பெண் என்றதும் கமிட்டிக்கு மானம் வந்துவிட்டது. வட்டத்தின் ஒரு மூலையில் ஓலைத் தடுப்பு வைத்து மறைப்புக் கட்டினார்கள். உள்ளே ஒரு கழி நட்டிருந்தது. அதைப் பிடித்தபடி சைக்கிளில் நின்றே எல்லாம் முடித்து, சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வருவாள். மறைப்பைக் கட்டச் சொன்னது கமிட்டி. இரண்டாம் நாளே, மறைப்புக்குள் என்ன நடக்கிறது என்று சந்தேகப்பட்டதும் கமிட்டி.

அந்தச் சந்தேகத்துக்குச் சாட்சி கொடுத்தது நான்.

மூன்றாம் நாள் காலை. அவள் மறைப்புக்குள் போனபோது கொண்டை இடப்பக்கம் சரிந்திருந்தது. வெளியே வந்தபோது வலப்பக்கம் இருந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கவனித்ததை உங்கள் நடுவில் நின்று உரக்கச் சொன்னேன். பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த செக்ரட்டரி, நிஜமாகவே பார்த்தாயா என்று கேட்டார்.

"மோளே, சரிக்கும் கண்டோ?"

"கண்டேன் சார். போகும்போ இடது. வரும்போ வலது."

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "கேட்டீங்களா? உள்ள போனது ஒருத்தி, வெளிய வந்தது வேற ஒருத்தி. இரட்டைப் பிறப்பு. ஒரு கொச்சுப் பிள்ளைக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல."

நான் பார்த்தது சரி. அதிலிருந்து அவர் கண்டுபிடித்தது முட்டாள்தனம். ஆனால் பாராட்டு எனக்குத்தான் கிடைத்தது. அதை நான் வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் மைதானத்தில் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஓலை மறைப்புக்குள் இன்னொரு பெண் எப்படி வந்தாள், எங்கே சாப்பிட்டாள், வெயிலில் எங்கே பதுங்கினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வயது வந்த அறுபது ஆண்கள்.

ஆள் மாறுகிறாளா என்று அறிய ஒரு அடையாளம் வேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்தது. ரப்பர் ஸ்டாம்ப் மை வியர்வையில் போய்விடும். அப்போதுதான் செக்ரட்டரிக்கு அப்பாவின் நினைவு வந்தது.

சலவைக்கு வரும் துணி கலந்துபோகாமல் இருக்க, வீட்டுக்கு ஒரு குறி போடுவோம். கோடு, புள்ளி, வளையம். சேங்கொட்டையை ஊசியால் குத்தி, ஊறிவரும் கறுப்புப் பாலைத் துணியில் தொட்டுவைத்து, மேலே சுண்ணாம்பு தடவினால் போதும். துணி கிழிந்தாலும் குறி போகாது. அந்தப் பால் தோலில் பட்டால் பொங்கும். அதனால் நாங்கள் விரலில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டுதான் கொட்டையைத் தொடுவோம்.

செக்ரட்டரி எங்கள் வாசலுக்கே வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு காரியம் செய்யணும். அவ கால்ல ஒரு குறி."

"தோலுக்கு ஆகாது சாரே."

"எடோ, நீ தினமும் தொடறதல்லே? உனக்கு மட்டும் ஆமைத் தோலோ?"

 செக்ரட்டரி திரும்பி எங்கள் கயிறுகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அப்பா உள்ளே போய்க் கொட்டை டப்பாவை எடுத்துவந்தார்.

எந்தக் குறி போடுவது என்று ஒரு பேச்சு வந்தது. குறி என்றால் அது யாராவது ஒருவருடைய வீடு. "என் வீட்டுக் குறி போடு. எனக்குப் பார்த்தாத் தெரியும்" என்றார் செக்ரட்டரி. ஒரு கோடு, அதன் கீழே இரண்டு புள்ளி. அவர் வேட்டிகளின் குறி.

அவளிடம் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். கடிதம் வேண்டுமானால் குறி வேண்டும் என்று சொல்வதைக் கேட்பது என்று வைத்துக்கொண்டால்.

"போட்டுக்கங்க. சந்தேகம் தீரட்டும்" என்று சொல்லிவிட்டு, அவள் வலது காலைத் தூக்கி ஹேண்டில்மேல் வைத்தாள். இடது காலால் மட்டும் மிதித்தாள். அப்பா ஊசியும் கையுமாகப் பக்கத்தில் ஓடினார். இரண்டரைச் சுற்று. கணுக்கால் எலும்புக்கு மேலே ஒரு கோடு, இரண்டு புள்ளி. சனம் கைதட்டியது. அந்த ஏழு நாளில் நாம் கைதட்டியது அந்த ஒரு முறைதான். கொண்டாட்டம் என்று குழுவில் எழுதியவருக்கு இந்தக் கைதட்டல்தான் காதில் மிச்சமிருக்கிறதோ என்னவோ.

ஐந்தாம் நாள் காலையில் குறி பொங்கியது. முதலில் கோடு தடித்தது. பிறகு புள்ளிகள் நீர் கோத்தன. தூக்கத்தில் கால்கள் உரசியதில் மற்ற காலிலும் பரவி, மத்தியானத்துக்குள் கெண்டைக்கால் வரை கொப்புளம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.  முதல் தடவையாகத் தம்ளரிலிருந்து கஞ்சி சிந்தியது.

செக்ரட்டரி வந்தார். பத்தடி தள்ளி நின்று, மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு பரிசோதனை செய்தார்.

"வசூரி" என்றார்.

வசூரி, அதாவது பெரியம்மை, ஒழிந்துவிட்டது என்று சர்க்கார் சுவரெல்லாம் எழுதியிருந்த காலம் அது. மருந்துக் கடைச் சுவரிலும் எழுதியிருந்தது. அந்தச் சுவருக்கு முன்னால்தான் அவர் தினமும் உட்கார்ந்திருந்தார். ஆனால் பாதி டாக்டர் சொன்னால் மறுபேச்சு உண்டா? பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். ஆண்கள் கயிற்றை விட்டுப் பின்வாங்கி, பார்ப்பதற்குத் தோதான தூரத்தில் நின்றுகொண்டார்கள்.

அவள் நம்மைச் சுற்றி வந்தபடியே கத்தினாள். "அம்மைன்னா கோடு கிழிச்சுக் கீழ ரெண்டு புள்ளி வச்சா வரும்? யோவ், நல்லாப் பாருய்யா! உன் வேட்டியில இருக்கிற அதே குறிதான்யா இது!"

யாரோ சிரித்துவிட்டார்கள். செக்ரட்டரியின் காது சிவந்தது. அவளுடைய கடிதம் அந்தச் சிரிப்பிலேயே போய்விட்டது என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் அவருக்கு ஒரு வழி இருந்தது. அப்பா பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, நீ பறயடோ. குறி போட்டா இப்படி வருமோ?"

 சைக்கிள் செயின் சத்தம் மட்டும் கேட்டது. மைக் பிடித்திருந்த அவள் புருஷன் அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். அப்பா ஈர வேட்டி ஒன்றைக் கையில் பிழிந்தபடி நின்றிருந்தார்.

"எங்க கையில இதுவரை பொங்கினதில்ல சாரே" என்றார்.

எண்ணெய் பூசிய கையில் பொங்கியதில்லைதான். வார்த்தைக்கு வார்த்தை உண்மை. பிற்பாடு மந்திரிகளும் கம்பெனி முதலாளிகளும் அனுப்பிய மறுப்புக் கடிதங்களைப் பல வருஷம் படித்திருக்கிறேன். அவ்வளவு சுத்தமான பொய்யை அவர்களில் யாரும் எழுதவில்லை.

நானும் அங்கேதான் நின்றேன். கொட்டைப் பால் என்ன செய்யும் என்று எனக்கும் தெரியும். கொண்டையைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தவள், இதற்குத் திறக்கவில்லை.

கமிட்டி யக்ஞத்தை நிறுத்தியது. மைக் போயிற்று, கோளாம்பியை இறக்கினார்கள், விளக்குகளைக் கழற்றினார்கள். மறைப்பு ஓலை கமிட்டியுடையது என்று அதையும் உருவிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய மானம் ஐந்து நாளுக்குத்தான் போதுமாக இருந்தது போலிருக்கிறது. தொற்றுக்குப் பயந்து யாரும் கிட்டே போய் அவளை இறக்கவில்லை. அது ஒன்றுதான் அவளுக்கு நாம் செய்த உதவி. அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் அம்மா வெளியே வந்தாள். மைதானத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"வாயத்தான் தொறக்கல. கயித்தையாவது இழுத்துக் கட்டுங்க."

அப்பா கயிற்றை வட்டத்தின் ஓரம் வரை இழுத்துக் கட்டினார். அம்மா ஈரப் படுக்கை விரிப்புகளை இரண்டு வரிசையில் தரை தொடும்படி தொங்கவிட்டாள். நடுவில் ஒரு சைக்கிள் போகும் இடம், ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு மூங்கில். அடுத்த இரண்டு நாள் அவளுடைய மறைப்பு அதுதான். ஊர்ப் பெரிய வீடுகளின் விரிப்புகள், செக்ரட்டரி வீட்டு இரட்டை விரிப்பு உட்பட. அம்மா ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொண்டு சைக்கிளோடு நடந்து, அவள் காலில் தடவினாள். பரவுவது நின்றது. புண் ஆறவில்லை.

அவளைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்ததெல்லாம் அந்தத் துணிகளுக்கு நடுவே அம்மாவிடம் அவள் சொன்னவை. முதலில் யக்ஞம் ஓட்டியவன் அவளுடைய அண்ணன். தேனிப் பக்கம் ஒரு ஊரில் நாலாம் நாள் மயங்கி விழப்போனான். பதினாறு வயதில் அவள் ஓடிப்போய், சைக்கிள் நிற்பதற்குள் ஏறி உட்கார்ந்து மிச்சம் மூன்று நாளை ஓட்டினாள். அந்த ஊர்க் கடிதம் அண்ணன் பெயரில் போயிற்று. அதற்குப் பிறகு அவள் பெயரில் வாங்கியவைதான் தகரத்தில் இருந்தவை. மைக் வாடகைக்கு விட்டவனைக் கட்டிக்கொண்டாள். பையன் மாமியாரிடம் வளர்ந்தான்.

"கால் வலிக்காதா மைனி?" என்று அம்மா கேட்டாள்.

"மொத நாலு நாள் வலிக்கும். அப்புறம் வலிக்கறது யாரோ மாதிரி இருக்கும். கையிதான் மதினி சனியன். இடது கை மரத்துப்போவுது. கொண்டைகூட வலது கையாலதான் முடியறேன்."

நான் விரிப்புக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். கொண்டை இடம் மாறியதைச் சொன்னது நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு இப்போதுதான் சொல்கிறேன்.

பத்திரிகையில் சேர்ந்த பிறகு விசாரித்தேன். திருச்சூரில் அவள் ஓட்டவில்லை. கோவைப் பக்கம் ஒரு மில் மைதானத்தில் ஒன்பது நாள் ஓட்டினாள் என்று ஒரு நிருபர் சொன்னார், அவரும் கேள்விப்பட்டதுதான். சைக்கிளை விற்றுவிட்டு இட்டிலிக் கடை வைத்தாள் என்று இன்னொருவர். எதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. எந்தப் பத்திரிகையிலும் அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் வேலை பார்த்த பத்திரிகையையும் சேர்த்துத்தான்.

ஏழாம் நாள். நாலு மணிக்குத் தொடங்கியது நாலு மணிக்கு முடியவேண்டும். மத்தியானமே புருஷன் செக்ரட்டரியிடம் போய் நின்றார். செக்ரட்டரி கடிதம் எழுதத் தயாராக இருந்தார், ஐந்து நாளுக்கு. கமிட்டி ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டது, அதற்குமேல் ஓட்டியது அவள் சொந்தப் பொழுதுபோக்கு என்றார். ஐந்தாம் நாள் என்ன ஆயிற்று என்று எந்த ஊரும் கேட்கும். அப்படி ஒரு கடிதத்துக்குப் பதில் வெறுங்கையே மேல். புருஷன் வாங்காமல் வந்தார்.

நாலு மணிக்குப் புருஷன் மைக் இல்லாமல் வெறும் தொண்டையில் கத்தினார். "ஏழு நாள் முடிஞ்சது! ஏழு ராத்திரி, ஏழு பகல்!"  மைதானத்தில் எங்களோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். எண்ணினேன். குழுவில் கைகூப்பியவர்களில் மூன்று பேர் அங்கே இருந்தீர்கள். மூன்று பேரும் வேப்பமரத்துக்குப் பின்னால்.

யக்ஞம் முடிந்ததும் ஊரில் ஒரு பெரிய மனிதர் கை கொடுத்து, ஓட்டியவரைத் தரையில் இறக்குவது வழக்கம். அதற்கு ஆளில்லை. புருஷன் சுற்றிலும் பார்த்தார். அப்போது அப்பா, துணிக் கயிற்றின் பக்கத்திலிருந்து, கையைப் பனியனில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். வட்டத்துக்குள் கால் வைத்து, வலது கையை நீட்டினார்.

அவள் கடைசிச் சுற்றை முடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். அப்பாவின் கைக்கு ஒரு முழத் தூரத்தில் பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் ஆடாமல் நின்றது. கால்கள் பெடலில் இருந்தன. கொப்புளம் உடைந்து தோல் உரிந்த கணுக்காலில் ஈ மொய்த்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். விரல் விரலாகப் பார்த்தாள் என்றே சொல்லவேண்டும்.

"கொஞ்சம் வழி விடுங்கண்ணே" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. கடைத்தெருவில் கைவண்டியைத் தாண்டும்போது சொல்வதுபோல் சொன்னாள். அப்பா நகர்ந்தார். அவள் கயிற்றைக் குனிந்து தாண்டி, மைதானத்தின் வாசலைத் தாண்டி, பண்டகசாலைகளின் ஊடே தோப்பும்படிப் பாலத்தை நோக்கி மிதித்துப் போனாள். புருஷன் தகரத்தையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

எங்கே இறங்கினாள் என்று தெரியாது. பாலத்துக்கு அப்பாலா, எறணாகுளத்திலா, இன்னும் தள்ளியா? நம் மண்ணில் அவள் கால் ஊன்றவில்லை. அந்த ஒரு தகவலை மட்டும் நான் நேரில் பார்த்து உறுதி செய்திருக்கிறேன்.